சொல்லித் தர மறுத்தார்கள், பார்த்தே கற்றார்!

வீணை ஏந்திய சரஸ்வதி. தாமரையில் நிற்கும் லட்சுமி. குச்சனூரில் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் இப்படி ஒரு படம் இருக்கும். இந்த மாதிரிப் படங்களுக்கு வழிகாட்டி ஓவியர் ரவிவர்மா. ஊருக்கு மேற்கே மலை தெரிகிறதல்லவா? அதற்கு அந்தப் பக்கம் அவருடைய சீமை. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம்.

அத்தனை பெரிய ஓவியருக்குத் தைல வர்ணம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் நம்புவீர்களா?

அரண்மனையில்...

ரவிவர்மா 1848-ல் கிளிமானூரில் பிறந்தார். 14-வது வயதில் மாமா ராஜராஜ வர்மா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தைல வர்ணம் தெரிந்தவர், மதுரை ராமசாமி நாயக்கர். போட்டி வந்துவிடும் என்று அஞ்சி, அவர் தொழிலைச் சொல்லித் தரவில்லையாம். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார் என்று சொல்கிறார்கள். நம் மதுரைக்காரர் இப்படிச் செய்தாரே என்று எனக்கு வருத்தம்தான்!

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. தான் வரையும்போது பார்க்க மட்டும் அனுமதித்தார்.

அது போதுமானதாக இருந்தது. பார்த்ததைத் தனியே செய்து பார்த்தார். அரண்மனையிலிருந்த ஐரோப்பிய ஓவியத் தொகுப்புகளை ஊன்றிப் படித்தார். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கூந்தலில் மல்லிகை சூடும் பெண்ணின் படம் அது.

நீங்களும் பழகலாம்

பெரிய ஓவியர் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கண்ணாடிக் காகிதம் வைத்துக் கட்டம் போடுங்கள். துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கோடு வரையுங்கள். நிறத்துக்கு அவசரப்படாதீர்கள். முதலில் பழுப்பு நிறம் ஒன்றிலேயே நிழலையும் வெளிச்சத்தையும் கொண்டுவாருங்கள். முக்கால்வாசிப் படிப்பு இதில்தான் இருக்கிறது. மூக்கின் நிழலை ஓவியர் அங்கே ஏன் வைத்தார் என்பது, நாமே வைத்துப் பார்க்கும்போதுதான் புரியும்.

அது காய்ந்த பிறகு நிறம். அடிப்பூச்சில் ஆளிவிதை எண்ணெய் குறைவாக இருக்கட்டும். மேலே போகப் போகக் கூடலாம். மாற்றிச் செய்தால் பூச்சு வெடித்துவிடும்.

அச்சுப் படத்தில் தூரிகையின் தடம் தெரியாது. அதற்கு மூலத்தையே பார்க்கவேண்டும். திருவனந்தபுரத்திலும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ரவிவர்மாவின் கைவண்ணம் இருக்கிறது.

ஒரு விஷயம். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓவியர்கள் உட்கார்ந்து பிரதி எடுக்கிறார்கள். ஆனால் மூலத்தின் அதே அளவில் வரையக்கூடாது. பெரிதாக வரையலாம், அல்லது சிறிதாக வரையலாம். போலியை மூலம் என்று யாரும் விற்றுவிடக் கூடாதல்லவா?