சமுதாய வானொலியில் பாட்டும் உரையாடலும்

வான்அலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது.

இவ்வகை நிலையத்தின் ஒலி ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவே எட்டும். சொந்தச் செய்தியறிக்கைக்கு இசைவில்லை. நிகழ்ச்சிகளிற் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்பால் உருவாதல் வேண்டும். ஆதலின் உள்ளூர்ப் பாட்டும் உரையாடலுமே அதற்கு உயிர்நாடி எனலாம்.

காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களில் நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் முதியோர் நாவோடு மறையும் நிலையில் உள்ளன. பாடும் மூதாட்டியிடமே பாட்டின் பொருளையும் வினவி, வட்டாரவழக்கு மாறாமல் ஒலிபரப்பினால் பாட்டும் வாழும், வழக்கும் வாழும். ஏட்டில் ஏறாத அச்செல்வத்தைத் தேடிப் பதிவுசெய்தல் தமிழ் பயிலும் மாணவர்தம் கடனாகும்.