நூறாண்டு கடந்தும் நீர் இறைக்கும் நீராவி

நெதர்லாந்தில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே பெய்யும் மழை தானாக வடிந்துபோக வழியில்லை. இறைத்து வெளியேற்ற வேண்டும். நாட்டின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், லெம்மர் என்ற சிற்றூரில், இதற்கென்றே 1920இல் திறந்த நீராவி நீரேற்று நிலையம் இன்றும் வேலை செய்கிறது. உலகில் இன்னும் இயங்கும் இவ்வகை நிலையங்களில் இதுவே மிகப் பெரியது.

முதலில் நீர் போகும் வழியைப் பார்ப்போம். சுற்றிலும் கரை கட்டி அடைத்த தாழ்நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களில் மழைநீர் சேரும். முன்பு காற்றாலைகளும் இப்போது சிறு பம்புகளும் அந்த நீரைச் சற்று உயரத்தில் உள்ள பெரிய கால்வாய்களுக்கும் ஏரிகளுக்கும் ஏற்றிவிடுகின்றன. ஒன்றோடொன்று இணைந்த இந்த நீர்த்தொகுதிதான் பூஸெம். கடல் மட்டம் தாழும் நேரம் பார்த்து மதகைத் திறந்தால், பூஸெமில் தேங்கிய நீர் எந்த எந்திரமும் இல்லாமல் கடலில் வடியும்.

புயல் வந்தால் இந்த ஏற்பாடு நின்றுபோகும். காற்று கடல்நீரைக் கரையோரம் தள்ளிக் குவிக்கும். மதகைத் திறந்தால் வெளிநீர்தான் உள்ளே பாயும். உள்ளே மழை கொட்டும் நாட்களில்தான் பெரும்பாலும் வெளியே வழி அடைபடும். அதனால் ஃப்ரீஸ்லாந்தின் தாழ்ந்த மேய்ச்சல் நிலங்கள் குளிர்காலங்களில் நீரில் மூழ்கிக் கிடப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

கடல் உயர்ந்திருந்தாலும் நீரை வெளியே தள்ளும் பலம் வேண்டும் என்று மாகாணம் முடிவெடுத்தது. தலைமைப் பொறியாளர் வௌடா நிலையத்தை வடிவமைத்தார். 1920 அக்டோபர் 7 அன்று அரசி வில்ஹெல்மினா அதைத் திறந்துவைத்தார். வௌடாவின் பெயர் 1947இல் அதற்குச் சூட்டப்பட்டது.

உள்ளே நான்கு நீராவி எந்திரங்கள். ஒவ்வொன்றும் 500 குதிரைத்திறன். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயர் அழுத்த உருளையைத் தள்ளும். அதில் மிச்சமிருக்கும் பலத்தை அடுத்துள்ள பெரிய உருளை வாங்கிக்கொள்ளும். இதனால் எரிபொருள் வீணாவது குறையும். எந்திரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டுப் பம்புகள். சுழலும் இறக்கைகள் நீரை வெளிப்புறமாக வீசித் தள்ளும் இந்த முறையில்தான் நம் ஊர்க் கிணற்று மோட்டார் பம்பும் இயங்குகிறது. எல்லாம் ஓடினால் நிமிடத்துக்கு 40 லட்சம் லிட்டர். ஒரு நாளில் சுமார் 576 கோடி லிட்டர்! தூக்க வேண்டிய உயரம் மிகக் குறைவு என்பதால்தான் 2,000 குதிரைத்திறனைக் கொண்டு இவ்வளவு நீரை நகர்த்த முடிகிறது.

திறந்தபோது வெளியே இருந்தது ஸௌடர்ஸே என்ற உள்கடல். 1932இல் அதன் வாயில் 32 கிலோமீட்டர் நீள அணை எழுந்து, அது ஐஸல்மேர் என்ற நன்னீர் ஏரியானது. 1966இல் அதே மாகாணத்தில் உள்ள ஸ்டாவோரனில் மின்சார நீரேற்று நிலையம் வந்தது. அடுத்த ஆண்டு லெம்மரின் கொதிகலன்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. அதற்குப் பிறகு பூஸெம் அபாய அளவை நெருங்கும்போது மட்டுமே இங்கே நீராவி ஏற்றுகிறார்கள். கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும்; எந்திரம் தெரிந்த ஆட்களும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இந்தக் கைத்திறனைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றிவருவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கான செலவு மக்களின் வரியிலிருந்து வருகிறது. நெதர்லாந்தில் நீருக்கென்றே தனி வாரியங்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மரபு அது. இன்று 21 வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேர்தல் உண்டு, வரி விதிக்கும் உரிமையும் உண்டு. லெம்மர் நிலையத்தை நடத்துவதும் ஃப்ரீஸ்லாந்தின் நீர் வாரியமே.

1998இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஆனால் அதன் பணி ஓயப்போவதில்லை. இப்பகுதியில் பல இடங்களில் மண் கரிமச் செறிவுள்ள சதுப்பு மண். நீரை வடித்தால் அது காற்றுப்பட்டு மக்கிச் சுருங்கி, நிலமே தாழ்ந்துவிடும்; தாழ்ந்த நிலத்திலிருந்து இன்னும் ஆழமாக நீரை இறைக்க வேண்டியிருக்கும். கடல் மட்டமும் உயர்ந்துவருவதால், வரும் ஆண்டுகளில் ஃப்ரீஸ்லாந்துக்குப் பம்புகளின் தேவை கூடத்தான் செய்யும்.