பொறிக்கும் ஐம்பொறி வேண்டும்

பொறி என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். மெய், வாய், கண், மூக்கு, செவி என்பன ஐம்பொறி. இயங்கும் எந்திரமும் பொறி. எலியை அகப்படுத்தும் கருவியும் பொறியே. இம்மூன்று பொருளும் ஒருங்கே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே தேயிலைத் தொழிற்சாலை.

வத்தேகமவிலிருந்து எல்கடுவ வழியாக மாத்தளைக்குச் செல்வோர், பச்சைச் சாரல்களின் நடுவே அத்தகைய தொழிற்சாலைகளைக் காண்பர். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தூளாக்கும் தொழில் அங்கு நடைபெறுகின்றது. அதன் நறுமணத்தை நுகர்ந்து செல்லும் நாம், உள்ளே நிற்பவரை நினைப்பதில்லை.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார் பள்ளிக்கு வரும்போதெல்லாம் வலக்கையைத் துண்டினால் மறைத்திருப்பார். மகனுடைய தேர்ச்சி அறிக்கையில் இடக்கையாலேயே ஒப்பமிடுவார். ஒரு தொழிற்சாலையிலே, உருட்டும் பொறியில் ஒட்டிய கொழுந்தைத் தட்டிவிடப் புகுந்த கை, மூன்று விரல்களை இழந்தே மீண்டது. “என் கவனக்குறைவுதான் ஐயா” என்றார் அவர். பத்து மணி நேரம் நின்று சோர்ந்தவருக்குக் கவனம் குறைதல் இயல்பன்றோ? குறை, அப்பொறிக்குக் கண் இல்லாமையே.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான பொறிகளுக்கு வேலியிடுமாறு விதித்தது. வேலி நன்றே, ஆயினும் அதற்கு உணர்வு இல்லை. இக்காலத்து அறிவியலோ பொறிக்கே புலன்களை வழங்கிவிட்டது. உணரி என்று அவற்றை வழங்குகின்றனர். ஒளிக்கதிர்த் திரையைக் கை கடந்த கணத்தில் உருளை நிற்கும், இது கண். அச்சாணி தேயும்போது எழும் அதிர்வை முன்னரே கேட்டறிவது செவி. காற்றில் மிதக்கும் தூசியை அளப்பது மூக்கு. மணிக்கட்டில் அணியும் பட்டை, நாடித் துடிப்பையும் உடற்சூட்டையும் அளந்து, உலர்த்தியருகே நிற்பவர் மயங்குமுன் எச்சரிக்கும், அவர் வீழ்ந்தாலும் அறிவிக்கும், இது மெய்.

மூக்கின் தேவை பெரிது. சலிக்கும் அறையில் எழும் தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வருவதை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970ஆம் ஆண்டிலேயே எழுதினார். தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி 1980இலும் ஆய்வுரை வெளியிட்டார். விரல் போனால் ஊர் அறியும். நுரையீரல் நலிவதை எவரும் அறியார். நிலக்கரிச் சுரங்கத்தார் நச்சு வாயுவை அறியக் கூண்டுக் குருவியைக் கொண்டு சென்றனர். பிரித்தானியாவில் 1986இல் அவ்வழக்கம் ஒழியத் தொடங்கி, மின்கருவிகள் அவ்விடத்தைப் பெற்றன. நம் சலிக்கும் அறையிலோ, குருவியின் வேலையை மனிதரே செய்துவருகின்றனர்.

மலையிலே தொலைபேசி அலை எட்டாத இடங்களில் இவை பயன்படுமா என வினவலாம். உருளையை நிறுத்தும் ஒளித்திரைக்கும், தூசி மிகுந்தால் மணியடிக்கும் கருவிக்கும் வெளியுலகத் தொடர்பே வேண்டா. வேண்டுவது மின்சாரமும், பழுது பார்ப்பாரும், செலவிட மனமுமே.

இனிச் சொல்லின் மூன்றாம் பொருளுக்கு வருவோம். உயிரைக் காக்க அணிவித்த பட்டை, ஒருவர் எத்தனை நிமிடம் ஓய்ந்தார், எத்தனை முறை வெளியே சென்றார் என்று கணக்கெடுக்கத் தொடங்கின், அக்கணமே அஃது எலிப்பொறியாகிவிடும். நாடித் துடிப்பு அவரவர் உடைமை. அக்கணக்கு யார் கையில் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதைத் தொழிலாளரோடு கலந்து முன்னரே உறுதி செய்தல் வேண்டும். ஆகவே, முதற்கண் உணரிகளை எந்திரத்திற்குப் பூட்டுக; பின்னரே மனிதருக்கு அணிவிக்க எண்ணுக.

அம்மாணவன் இன்று ஒரு மின்னியல் வினைஞன். தந்தையார் இன்றும் தேநீர்க் கோப்பையை இடக்கையாலேயே ஏந்துகின்றார்.