ஊதும் குழலில் பூஞ்சையா? உஷார்!
சோலூர் கோக்காலில் கோத்தர்கள் ஊதும் ‘கொள்’, நம்ம நாதஸ்வரம் இரண்டுமே சீவாளி வைத்த குழல்கள்தான். ஊதும்போது எச்சிலும் மூச்சின் ஈரமும் உள்ளே தங்கும். மலைக்குளிரில் சட்டென்று காயாது, பூஞ்சை பிடிக்கும்.

அதனாலென்ன என்று இருந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் தினமும் பேக்பைப் வாசித்த ஒருவர் 2014-ல் நுரையீரல் நோயால் இறந்தார். 3 மாதம் கருவியைத் தொடாதபோது மட்டும் அவருக்கு மூச்சிரைப்பு தணிந்தது! கருவிக்குள் பல வகைப் பூஞ்சைகள். நோய்க்கு அவையே காரணமாகலாம் என்று 2016-ல் டாக்டர்கள் எழுதினார்கள்.

வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். முடித்ததும் சீவாளியைக் கழற்றித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். குழலுக்குள் உலர்ந்த துணியை விட்டு இழுங்கள். அடுப்போரம் வைத்தால் மரம் வெடிக்கும். ஈரத்தோடு உறையில் போடாதீர்கள். சீவாளி ஆளுக்கொன்று இருக்கட்டும்.

வறட்டு இருமலும் இரைப்பும் விடவில்லையா? கஷாயத்தில் காலம் கடத்தாமல் நுரையீரல் டாக்டரைப் பாருங்கள். குழல் ஊதுவதையும் மறக்காமல் சொல்லுங்கள்.