முதுகுவலிக்குச் சிறு துவார அறுவை சிகிச்சை: யாருக்கு உதவும்?



"முதுகை இப்போது பெரிதாக வெட்டத் தேவையில்லையாமே, சிறு துவாரம் போட்டே சரிசெய்து விடுகிறார்களாமே?" என்று பலரும் ஆவலோடு கேட்கின்றனர். அப்படிப்பட்ட கருவிகள் இருப்பது உண்மைதான். அவை எப்படி வேலை செய்கின்றன, யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை இங்கே எளிமையாக விளக்க விரும்புகிறோம்.

வலியின் காரணம்

நமது இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்று அமைந்திருப்பது டிஸ்க். அதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம். உள்ளே கூழ் போன்ற மென்மையான பொருள். வளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும். "ஜவ்வு விலகிவிட்டது" என்று மக்கள் சொல்வது இதைத்தான். பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் இருவரும் 1934-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவுபடுத்தினர்.

ஆனால் எல்லா முதுகுவலியும் இவ்வகையைச் சேர்ந்ததல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் சுமார் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் அவதியுற்றனர். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. பழுது தெரியாத இடத்தில் எந்தக் கருவியாலும் எதையும் அகற்ற முடியாது.

பழைய முறையும் புதிய முறையும்

முற்காலத்தில் முதுகில் நீண்ட கீறலிட்டு, தசைகளை எலும்பிலிருந்து பிரித்து இருபுறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு டிஸ்க் துண்டை எடுத்தனர். நரம்பு விடுபட்டாலும், தசைக்கு ஏற்பட்ட காயம் ஆற நாட்களாகும். 1977-ல் சுவிட்சர்லாந்தின் யாசர்கில், ஜெர்மனியின் காஸ்பர் ஆகியோர் மைக்ராஸ்கோப்பின் உதவியால் சிறிய கீறலிலேயே இதைச் செய்யும் விதத்தைத் தனித்தனியே வெளியிட்டனர்.

கத்தியே இல்லாத ஒரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கப்படும் ஒரு நொதியை ஊசி மூலம் டிஸ்க்கினுள் செலுத்திக் கரைப்பதே அது. அமெரிக்க அரசு 1982-ல் இதற்கு அனுமதி அளித்தது. எனினும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் நரம்புப் பாதிப்பும் ஏற்பட்டதால் அது வழக்கொழிந்தது. வெட்டு இல்லை என்பதால் மட்டும் ஒரு சிகிச்சை ஆபத்தற்றதாகிவிடாது.

குழாய் வழிச் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர்கள் ஃபோலி, ஸ்மித் ஆகியோர் 1997-ல் விவரித்தனர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, "சி-ஆர்ம்" என்னும் எக்ஸ்ரே கருவியால் சரியான இடத்தைக் குறித்துக்கொள்கின்றனர். சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீறலின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன்மேல் சற்றுப் பெரிய குழாய், அதற்கும் மேல் இன்னும் பெரியது என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகின்றனர். தசைநார்கள் அறுபடாமல் விலகி வழிவிடுகின்றன. இறுதிக் குழாயின் அகலம் 16 முதல் 18 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது அசையாதபடி மேசையோடு இணைந்த ஒரு பிடி தாங்கிக்கொள்ளும். கை பார்வையை மறைக்காதபடி வளைந்த நீண்ட கருவிகளால், எலும்பின் ஓரத்தைச் சிறிது கடித்தெடுத்து, நரம்பை மெல்ல ஒதுக்கி, பிதுங்கிய துண்டை இடுக்கியால் எடுக்கின்றனர்.

முழு எண்டோஸ்கோப் முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கீறலே போதும். உப்புநீரைப் பாய்ச்சி, கேமராவின் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே வேலை நடக்கும். பல சமயங்களில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி விழித்திருப்பதால், நரம்பில் கருவி பட்டால் உடனே சொல்லிவிடுவார்.

ஆய்வுகள் சொல்வது

நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்திற்குப் பின் குழாய் முறையைவிட மைக்ராஸ்கோப் முறையே வலியைக் குறைப்பதில் சற்று முன்னே நின்றது. அதே நாட்டில் 613 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், எண்டோஸ்கோப் முறை பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. ஆகவே கீறலின் அளவு ஒன்றே சுகத்தைத் தீர்மானிப்பதில்லை. மருத்துவரின் பயிற்சியும், நோயாளியைச் சரியாகத் தெரிந்தெடுப்பதுமே முக்கியம்.

யாருக்கு, எப்போது?

டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் மருந்து, உடற்பயிற்சி ஆகியவற்றாலேயே தேறிவிடுகின்றனர். அதன் பின்னும் கால்வலி தீராமல், பரிசோதனையில் தெரியும் நரம்பும் ஸ்கேனில் தெரியும் பிதுக்கமும் ஒத்துப்போனால் இச்சிகிச்சை பலனளிக்கும். ஸ்கேனை மட்டும் நம்பலாகாது. 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு டிஸ்க் புடைத்திருந்தது!

ஆயினும் சில அறிகுறிகள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது: சிறுநீர் போக இயலாமை, மலம் அடக்க முடியாமை, தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போதல், பாதம் தொய்ந்து தூக்க முடியாமற்போதல். வலியுடன் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்றும் பார்க்கவேண்டும்.

ஒரு கருவியை வாங்கித் தருபவர்களும் இதை மனதில் வைப்பது நல்லது. குழாயும் கேமராவும் மட்டும் போதாது. எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வசதி, பயிற்சி பெற்ற மருத்துவர், சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபி ஊழியர் ஆகிய அனைத்தும் சேர்ந்தாலே அந்தக் கருவி நோயாளிக்கு உதவும். உங்களுக்கோ உறவினருக்கோ இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தால், "எத்தனை சிறிய துவாரம்?" என்று கேட்குமுன், "எந்த நரம்பு அழுத்தப்படுகிறது? காத்திருந்தால் தானே சரியாகுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.