கேட்டு வாங்கிய கடிதம்

கடிதம் போடுகிறவர் தபால்தலை வாங்கி ஒட்டியாக வேண்டும் என்ற ஒரே காரணத்தால் விளம்பரங்கள் ஓர் அளவோடு நம் வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்த காலம் போய், ஒரு கடிதத்துக்கும் லட்சம் கடிதங்களுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு என்றாகிவிட்ட மின்னஞ்சல் யுகத்தில், குப்பையின் பாரம் முழுவதும் பெறுகிறவர் தலையில் வந்து விடிந்திருக்கிறது. 1978-ஆம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், அர்ப்பாநெட் வலையில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பிப் பலருடைய கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டதே இதற்குப் பிள்ளையார் சுழி.

ஸ்பாம் எனப்படும் இந்தக் குப்பையைக் கட்டுப்படுத்த, 2003 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டு, 2004 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த ‘கேன்-ஸ்பாம்’ சட்டம், முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும் என்று சொல்லவில்லை. அனுப்புகிறவர் பெயரிலும் தலைப்பிலும் பொய் கூடாது, தபால் விலாசம் இருக்க வேண்டும், ‘வேண்டாம்’ என்றவரை 10 வேலை நாட்களுக்குள் ஜாபிதாவிலிருந்து நீக்க வேண்டும் என்ற மட்டோடு நின்றுகொண்டது. 2014-இல் அமலுக்கு வந்த கனடாவின் சட்டமோ சம்மதத்தையே முதல் நிபந்தனையாக வைத்தது. வாசகர் பக்கம் நின்று பார்த்தால், கனடாவின் நியாயமே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

ஆயினும் எந்தச் சட்டமும் கட்டுப்படுகிறவரைத்தான் கட்டும். பிறர் கணினிகளைக் களவாகப் பிடித்துப் பொய்ப் பெயரில் அனுப்புகிற மோசடிக்காரன் எந்த விலாசத்தைப் போடப்போகிறான்? நடுவே ஒரு விதை விளம்பரத்தோடு, வாரந்தோறும் தோட்டக்கலை மடல் எழுதும் அமெரிக்கப் பெண்மணிதான், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோருக்குத் தம் வீட்டு விலாசத்தை வெளியிடலாமா என்று கலங்க வேண்டியிருந்தது. தபால் பெட்டி எண்ணே போதும் என்று 2008-இல் ஃபெடரல் வர்த்தகக் கமிஷன் தெளிவுபடுத்தியது அவருக்குப் பெரிய ஆறுதல்.

சட்டத்தைக் காட்டிலும் கடுமையானது மின்னஞ்சல் நிறுவனங்களின் சல்லடை. ஜிமெயில் விலாசங்களுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களும் அதற்கு மேலும் அனுப்புவோர், 2024 பிப்ரவரி முதல், கடிதம் மெய்யாகவே தம்மிடமிருந்து புறப்பட்டதற்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்னும் அத்தாட்சிகளைக் காட்ட வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பாம் என்ற புகார் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 5,000 பேரில் 15 பேர்.

ஆறு மாதத்துக்கு முன் அந்தத் தோட்டக்கலை மடலில் தாமே விரும்பிச் சேர்ந்ததை மறந்துவிட்ட வாசகர், கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிராமல், மேலே கைக்கெட்டும் இடத்திலுள்ள ஸ்பாம் பொத்தானை அழுத்திவிடுகிறார். அவரை நோவதற்கில்லை, அந்தப் பொடி எழுத்தைத் தொட்டால் ‘இந்த விலாசத்தில் ஆள் உண்டு’ என்று மோசடிக்காரன் கண்டுகொள்வான் என்ற எச்சரிக்கையைப் பலமுறை கேட்டவர் அவர். ஆனால் அத்தகைய விரல்கள் பதினைந்து சேர்ந்துவிட்டால், அந்த மடலுக்காகவே காத்திருக்கும் மற்றவர்களின் பிரதிகளும் ஸ்பாம் பெட்டிக்குள் தள்ளப்படக்கூடும். அங்கே 30 நாள் கிடந்து, பிறகு தாமாகவே அழிந்துபோகும். அனுப்பியவருக்கு அது தெரிவதில்லை. எதிர்பார்த்திருந்தவரோ, அந்த அம்மாள் எழுதுவதையே நிறுத்திவிட்டார் போலும் என்று நினைத்துக்கொள்கிறார்.