துறை பார்த்துப் படகை இறக்குங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்துவிடும். முன்பு தூண்டிலோடு போனார்கள். இன்று கயாக் என்னும் சிறு படகோடும் போகிறார்கள். நல்ல பயிற்சிதான். தோளுக்கும் உரம், மனத்துக்கும் துணிவு. ஆனால், "நடு ஆற்றில் ஜாக்கிரதை" என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் பலர் கரையை மறந்துவிடுகிறார்கள். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அது எளிதில் கவிழும்.

சிலாங்கூர் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். பிரேசர் மலைச் சரிவில் பிறந்து, கோலகுபுபாரு வழியாக ஓடி, கோலசிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. மேலே பாறையில் மோதிப் பாயும் அதே ஆறு, கீழே கம்போங் குவாந்தான் பக்கம் அகன்று அமைதியாகிவிடுகிறது. பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மினுக்குவதைப் பார்க்க அங்கே சம்பானில் போய்வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அங்கே படகுத்துறை உண்டு. பழகிய படகோட்டியும் உண்டு. துறையில்லாத கரையில் நாமே படகை இறக்குவது வேறு சங்கதி.

காரணம், கடல் நீர் அங்கே ஆற்றுக்குள்ளும் ஏறி இறங்குகிறது. மலாய்க்காரர்கள் இதைப் பாசாங், சூருட் என்பார்கள். ஏறிய நீர் வற்றுவதற்குச் சுமார் 6 மணி நேரமாகும். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் துறைமுகக் கடலோரத்தில் நீர்மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்குவதுண்டு.

இதன் பொருள் என்ன? காலை 9 மணிக்கு நீர் நிறைந்திருக்கும்போது புல் விளிம்பிலிருந்தே படகில் ஏறிவிடலாம். மாலை 3 மணிக்குத் திரும்பினால் புல் எங்கோ மேலே இருக்கும். நடுவில் வழுக்கும் சேற்றுச் சரிவுதான் இருக்கும். களைத்து வரும் பிள்ளை அதில்தான் இறங்க வேண்டும். ஆகவே, படகை இறக்குமுன் எங்கே, எந்த நேரத்தில் கரையேறுவது என்பதை முடிவு செய்யுங்கள். ஏற்ற வற்ற அட்டவணை இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

சேற்றுக்குள் இன்னோர் ஆபத்தும் உண்டு. பெரெம்பாங் மரத்தின் மூச்சு வேர்கள் சீவிய பென்சில்போல் மேல்நோக்கி நிற்கும். நீர் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலும் ஜப்பான் சிலிப்பரும் உதவா. கயிறு கட்டிய காலணி வேண்டும். கால் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். படகின்மேல் சாய்ந்து பாரத்தைக் குறைத்து, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

படகை இறக்கவும் ஒரு முறை உண்டு. கரைக்கு வருமுன்பே மிதவைச் சட்டையை அணிந்து, எல்லாக் கொக்கிகளையும் மாட்டிவிட வேண்டும். செங்குத்தான கரையில் படகிலே உட்கார்ந்து சறுக்கக் கூடாது. ஆளில்லாப் படகைக் கயிற்றால் மெதுவாக இறக்குங்கள். அந்தக் கயிற்றை ஒருபோதும் மணிக்கட்டில் சுற்றாதீர்கள். படகைக் கரைக்கு இணையாக, அதன் முன்பகுதி நீர் வரும் திசையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்தபடி முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுக்க வேண்டும். நின்றால் படகு கவிழும்.

நீரோட்டம் போகும் பக்கம் சாய்ந்த மரமோ நீப்பாப் புதரோ இருந்தால், அந்த இடமே வேண்டாம். கிளைகளுக்கு இடையே நீர் நுழைந்து போய்விடும். படகும் ஆளும் சிக்கிக்கொள்வார்கள். அப்படிச் சிக்கிய படகில் 150 லிட்டர் நீர் புகுந்தால் அது 150 கிலோ பாரம். இழுத்து மீட்க இரண்டு கை போதாது.

பெற்றோர்களே! ஆற்றுக்குப் புறப்படும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே இறங்குகிறாய்? எங்கே, எப்போது கரையேறுகிறாய்? கூட யார் வருகிறார்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். பதில் தடுமாறினால், அன்றைக்குப் படகு வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆழமறியாமல் காலை விடாதே என்றார்கள் நம் பெரியவர்கள். கரையறியாமல் படகை விடாதே என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லிவைப்போம்.